விட்டுப்போன கட்டம்

"வாப்பா விஞ்ஞானி! இன்னிக்கு எதைக் கண்டுபிடிச்சே, எதை வாபஸ் வாங்கினே?"

கதவைத் திறக்கும்போதே ஜெயலக்ஷ்மி ஆரம்பித்துவிட்டாள்.

வாசலில் ஹரீஷ், ஹெல்மெட்டும் கையுமாக. சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன். மகள் பூர்ணிமாவுக்கு கல்கத்தா சால்ட் லேக் ஆராய்ச்சி நிலையத்தில் சீனியர்; வங்காள வழக்கப்படி அவளுக்கு 'ஹரீஷ்தா', அதாவது ஹரீஷ் அண்ணா.

"பூர்ணிமா இருக்காளா ஆன்ட்டி? நாலு நாளா ஃபோனே எடுக்க மாட்டேங்குறா."

"எந்த மூஞ்சியோட எடுப்பா? உன் கூத்தைப் பார்த்துட்டு ரூமைச் சாத்திண்டு கிடக்கா. உட்காரு, காபி தரேன்."

கூத்து இதுதான். அணுத்துகள்களை மோதவிடும் ராட்சத யந்திரத்தின் பதிவுகளில், ஒரு திசையில் மட்டும் 'ஜெட்' அளவுக்கு மீறித் தெரிவதாக ஹரீஷ் போன மாதம் சொன்னான். ஜெட் என்றால் மோதலில் பீய்ச்சியடிக்கும் துகள் கூட்டம். நிலையமே சந்தேஷ் இனிப்பு தின்று கொண்டாடியது. ஜெர்மனியிலிருந்து அவனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். லேக் மார்க்கெட்டில் கீரைக்காரியைக்கூட விடாமல் இந்தச் சேதியைப் பரப்பியவள் ஜெயலக்ஷ்மிதான்.

திங்கட்கிழமை செமினாரில் அவனே எழுந்து, "அது ஜெட் இல்லை, போலி. தப்பு என்னுடையது" என்று சொல்லிவிட்டான். ஜெர்மனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

காபியை ணங்கென்று வைத்தாள்.

"போலி ஜெட்டைப் பிடிக்கறதுதானே உன் வேலை? போலீஸ்காரன் வீட்டிலேயே திருட்டா?"

ஹரீஷ் சிரித்தான். "கலோரிமீட்டர்னு ஒரு கருவி ஆன்ட்டி. உள்ள ஆயிரக்கணக்கில கட்டம் இருக்கும். துகள் வந்து விழுந்தா, எவ்வளவு சக்தின்னு கட்டம் சொல்லும். சிலது கெட்டுப்போய், ஒண்ணுமே விழாம சும்மாவே கத்தும். ப்ரோக்ராம் அதையும் ஜெட்டுன்னு நம்பிடும்."

"எங்க மூணாவது மாடி ராஜம் மாதிரி. அப்படிக் கத்தறதை என்ன பண்ணுவேள்?"

"ஷிஃப்டுக்கு ஒருத்தர் உட்கார்ந்து, கெட்ட கட்டத்தோட நம்பரையெல்லாம் லிஸ்ட் போடணும். லிஸ்ட்ல இருந்தா ப்ரோக்ராம் அதைச் சட்டை பண்ணாது. இந்தத் தடவை ஒரே ஒரு நம்பர் விட்டுப்போச்சு."

"ஒரே ஒரு நம்பரா! இருபத்தஞ்சு வருஷமா தோபிக்குத் துணி எழுதிப் போடறேன். ஒரு தலையணை உறை விட்டதில்லை. லிஸ்ட் போட்ட அந்தத் தடிமாடு யாரு?"

ஹரீஷ் நிதானமாக ஒரு வாய் காபி குடித்தான்.

"நான்தான் ஆன்ட்டி."

"பேஷ்! கண்டுபிடிச்சதும் நீ, கோட்டை விட்டதும் நீ! இதுக்குத்தான் அடிப்படையிலேயே நல்ல ஸ்கூல் வேணுங்கறது. எங்க கான்வென்ட்ல ஒரு கமா விட்டா, சிஸ்டர் நூறு தடவை எழுத வைப்பா. பூர்ணிமாவும் அங்கே படிச்சவதான். பக்கத்து சீட்டுலதானே இருக்கே? அவளைப் பார்த்தாவது கொஞ்சம் ஒழுங்கைக் கத்துண்டிருக்கப்படாதா?"

"கத்துக்கணும் ஆன்ட்டி." அவன் எழுந்தான். "அடுத்த மாசம் அவ தீசிஸ் கொடுக்கணும். நடந்ததையே நினைச்சுட்டு இருக்காம எழுதி முடிக்கச் சொல்லுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"உன் அசட்டுத்தனத்துக்கும் அவ தீசிஸுக்கும் என்னடா சம்பந்தம்?"

அறைக் கதவு திறந்தது. கண்கள் வீங்கி, லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி பூர்ணிமா. அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

"ஹரீஷ்தா, கைடு சாருக்கு இப்பதான் மெயில் அனுப்பினேன். ஜெர்மனிக்கும் சேர்த்து."

ஹரீஷின் முகம் வெளுத்தது. "பைத்தியமா உனக்கு? உன் தீசிஸை நிறுத்தி வெச்சுடுவாங்க!"

"வைக்கட்டும்."

"என்னடி மெயில்? என்ன எழுதினே?" ஜெயலக்ஷ்மி அதட்டினாள்.

"அந்த லிஸ்டைப் போட்ட தடிமாடு நான்தான்னு எழுதினேம்மா."