வெந்நீர்க் குழாயடி

ஆவி பறக்கக் கொட்டிய தண்ணீரில் முதலில் தலையைக் கொடுத்தவன் துள்ளி வெளியே ஓடிவந்தான். பஸ்ஸில் வந்த மில் ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கோவிந்தராசு சிரிக்கவில்லை. எந்த நேரத்தில் துள்ளவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணெய் தேடித் துளைத்தவர்கள் எண்ணெய் இல்லையென்று விட்டுப்போன குழாய் அது. வெந்நீர் மட்டும் நிற்கவில்லை. குளித்தால் மூட்டுவலி போகும் என்று புதுச்சேரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் விட்டார்கள்.

கோவிந்தராசுவுக்கு மூட்டுவலி இல்லை. மகள் வசந்தாவைத் தன் பையனுக்குக் கேட்டிருந்த ராமலிங்கம் குடும்பத்தோடு வருகிறார் என்றுதான் அவனும் கிளம்பினான். குளித்து முடித்ததும் தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

அவனுடைய வலது கை செத்துப்போய் ஒரு வருடம் ஆகிறது.

சாயத் தொட்டி வேலையில் மரத்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். பெண்டாட்டி கமலவேணிக்குத் தெரியும், பெருவியாதி, குஷ்டம். வைத்தியத்துக்குப் போனால் தெருவுக்குத் தெரியும். அப்புறம் பெண்ணை எவன் கட்டுவான்? வசந்தாவிடம்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் பட்டதும் கையை உதறு என்று பஸ் ஏறும்போதே அவன் காதில் சொல்லியிருந்தாள்.

ராமலிங்கம் பக்கத்து அடிபம்பில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஆவிக்குள் நடந்துவந்தார். பெண்கள் பக்கம் நின்ற கமலவேணி அதைப் பார்த்தாள். கத்தி என்ன சொல்வது?

"கைய நீட்டுங்க சம்பந்தி. கொஞ்சம் பழகிக்கினு உள்ள போலாம்."

ஊற்றினார்.

கோவிந்தராசு கையை உதறினான். "யப்பா, கொதிக்குதே" என்று விரல்களை ஊதியும் கொண்டான்.

ராமலிங்கம் சிரித்தார்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரி உத்தியோகம் என்பதற்கு மேல் அவரைப் பற்றிக் கமலவேணி விசாரித்ததில்லை. அவர் தோல் வார்டு சிப்பந்தி. நோயாளியைக் கண்மூடச் சொல்லி, வெந்நீர் அடைத்த கண்ணாடிக் குழாயும் பச்சைத் தண்ணீர் அடைத்த குழாயும் தோலில் மாற்றி மாற்றி வைத்து, எது சூடு என்று டாக்டர் கேட்கும்போது பக்கத்தில் நிற்பவர். வரும் வழியில் கோவிந்தராசுவின் விரலிடுக்கில் பீடி கருகித் தோலைச் சுட்டதையும், அவன் விடாமல் பேசிக்கொண்டே வந்ததையும் பார்த்திருந்தார்.

செம்பில் மிச்சமிருந்த தண்ணீரோடு பெண்கள் பக்கம் வந்தார். வசந்தா அப்போதுதான் துணி மாற்றும் தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"நீயும் கைய நீட்டும்மா. இது சூடா, பச்சையா? சொல்லு பாப்போம்."

கமலவேணிக்குப் பாதி உயிர் வந்தது. அப்பன் கதை முடிந்தது, போகட்டும். பெண் சுத்தம். பச்சை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவளாவது தப்பிப்பாள்.

தண்ணீர் வசந்தாவின் உள்ளங்கையில் விழுந்து வழிந்தது.

அவள் கையைப் பார்த்தாள். சுற்றிலும் பறந்த ஆவியைப் பார்த்தாள். பிறகு, எதைச் சொல்வது என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.