எலிசபெத்தின் ஸ்வெட்டர்

“வெயில் ஏறுதுங்க. அந்த ஸ்வெட்டரைக் கழட்டித்தான் வையுங்களேன்” என்றாள் சம்பூர்ணம்.

“இங்க வந்துட்டு இதைப் போடாம இருக்க முடியுமா?” என்ற ஜெயவேலு, விரல்வரை இறங்கியிருந்த கைகளை மறுபடி மடித்துவிட்டுக்கொண்டார்.

தேவனஹள்ளிக்கு அப்பால் லாயிட் குடும்பத்துப் பண்ணையில் ஆட்டுத் திருவிழா களைகட்டியிருந்தது. ஒரு பக்கம் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தார்கள், இன்னொரு பக்கம் ராட்டையில் கம்பளி நூல் திரித்தார்கள். பெங்களூரிலிருந்து காரில் வந்திறங்கிய பிள்ளைகள் குட்டிகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

சம்பூர்ணத்துக்கு எதிலும் மனசு போகவில்லை. அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர், ஜெயவேலுவின் முதல் மனைவி எலிசபெத் பின்னியது. கோலார் தங்கவயல்காரி. வருஷா வருஷம் இதே திருவிழாவில் பின்னல் சொல்லிக்கொடுத்தவள். ஒரு காய்ச்சலில் போய்ச் சேருவதற்கு முன்னால் கடைசியாகப் பின்னி முடித்தது இதைத்தான்.

ஜெயவேலு தொம்மலூரில் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன். சம்பூர்ணத்தைக் கட்டி ஜோகுபாளையத்து வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து எலிசபெத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இந்தத் திருவிழா வந்தால் போதும், பீரோவிலிருந்து அந்த ஸ்வெட்டர் நாஃப்தலின் உருண்டை வாசத்தோடு இறங்கிவிடும். சம்பூர்ணம் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொடுத்த ஸ்வெட்டர் இன்னும் கவரைக்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது.

எலிசபெத்தின் ஸ்வெட்டர் அவர் தோளில் தொளதொளவென்று தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்டாட்டி செத்த துக்கத்தில் ஒரு மனுஷன் இவ்வளவா இளைத்துப்போவான்? ‘நான் செத்தா ஒரு சுத்து பெருத்துடுவாரு’ என்று நினைத்துக்கொண்டாள்.

வாசல் மூங்கிலில் இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு பந்தலுக்குள் நுழைந்தார் பண்ணை முதலாளி லாயிட். ஜெயவேலு சட்டென்று எழுந்துபோய் அவர் எதிரில் நின்றார்.

“வணக்கம் சார். குளிருக்கு இது மாதிரி ஒண்ணு கிடைக்காது சார்.”

லாயிட் ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “எலிசபெத் கைவேலை இங்க வேற யாருக்கும் வரல, ஜெயவேலு. ஆபீஸ் ரூம்ல கண்ணாடி அலமாரி ஒண்ணு பண்ணியிருக்கேன். இதைக் குடுத்தீங்கன்னா அதுல வெச்சுப் பத்திரமா பாத்துக்குவேன்.”

“இது யாருக்கும் குடுக்கறதுக்கில்ல சார்.”

சொல்லும்போதே நெஞ்சைத் தடவிக்கொண்டார் ஜெயவேலு. சம்பூர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் பார்க்க, செத்தவளோடு குடித்தனம் நடத்துகிறார்!

கொஞ்ச நேரத்தில் யாரோ வந்து தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டதென்று ஜெயவேலுவைக் கூப்பிட்டார்கள். கிரீஸ் பட்டுவிடுமே என்று ஸ்வெட்டரைக் கழற்றி சம்பூர்ணத்தின் கையில் கொடுத்தார். “கீழ வைக்காத. யார் கேட்டாலும் குடுக்காத, தெரியுதா?”

பச்சைக் குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நெருப்போடுதான் அவள் பக்கத்து மேஜைக்கு நகர்ந்தாள். மமதா என்ற பெண், பிள்ளைகளுக்குக் கம்பளியில் பந்து செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் ஆவி பறக்கும் பேசின்கள்.

“ஹாட் வாட்டர், சோப்பு, அவ்வளவுதான் ஆன்ட்டி. நல்லாத் தேய்ச்சா கம்பளி சுருங்கிக் கெட்டியாயிடும். அப்புறம் என்ன பண்ணாலும் பழையபடி ஆகாது.”

“ஆகவே ஆகாதா?”

“சான்ஸே இல்ல.”

பிள்ளைகளோடு மமதா ஆட்டுப்பட்டிப் பக்கம் போகும்வரை சம்பூர்ணம் காத்திருந்தாள். பிறகு ஸ்வெட்டரைப் பேசினுக்குள் அமுக்கினாள். சூடு கையைச் சுட்டது. விடவில்லை. சோப்பை அள்ளிப் போட்டு, தனக்குள் இத்தனை வருஷமாக இருந்ததையெல்லாம் சேர்த்துத் தேய்த்தாள்.

தூக்கிப் பார்த்தபோது அது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடப் பத்தாது. அட்டை போல விறைத்திருந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

“ஐயோ! என்னம்மா பண்ணிட்டீங்க!”

லாயிட் ஓடிவந்து அதை அவள் கையிலிருந்து பிடுங்கினார். இழுத்துப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். அது அசையவில்லை. சோப்புத் தண்ணீர் சட்டையெல்லாம் வழிய, பெஞ்சில் உட்கார்ந்து அதை முகத்தில் பொத்திக்கொண்டார். சத்தமில்லாமல் உடம்பு குலுங்கியது. ஒரு ஸ்வெட்டருக்கா இப்படி என்று சுற்றியிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்த ஜெயவேலு அப்படியே நின்றுவிட்டார்.

“திட்டறதுன்னா திட்டுங்க. நான்தான் பண்ணேன்” என்றாள் சம்பூர்ணம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “வயித்தெரிச்சல்தான். அவ ஆசை ஆசையா உங்களுக்குப் பின்னினதை நீங்க போட்டுக்கிட்டு நிக்கறதை என்னால பாக்க முடியலங்க.”

ஜெயவேலு பெஞ்சில் குலுங்கிக்கொண்டிருந்த மனுஷனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, சிவந்து கன்றியிருந்த அவள் கைகளைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“எனக்கா? அவ இதை அவருக்காகப் பின்னினா, சம்பூர்ணம்.”