இரண்டாவது சுற்று

துக்கத்துக்கான கறுப்பு உடுத்தியே வந்துவிட்டாள் கினுயோ. கையில் வெள்ளைச் சாமந்திக் கட்டு. பழைய சைக்கிள்களைப் பிரித்துப் போடும் கொட்டகைக்குள் நுழைந்தவள், யாரையும் பார்க்காமல் நேரே அந்தச் சேறு பிடித்த சைக்கிளிடம் போய், மட்கார்டில் பொறித்திருந்த பெயரை விரலால் தடவினாள்.

கிஷிதா தமோத்சு. அவள் புருஷன். எழுபத்தொன்பதாம் வருஷக் குளிர்காலத்தில் இந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. நேற்று சக்காய் ஊர்க் குளத்தை வடித்தபோது சைக்கிள் மட்டும் மேலே வந்தது.

"வேற ஒண்ணுமே வரலையா?" என்றாள்.

"காலையில கேட்டதையே திரும்பக் கேக்குறீங்களேக்கா. சேறு முழுக்க அலசியாச்சு. கெண்டையும் ஆமையும்தான்." போலீஸ்காரன் ஹாகா ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னான்.

உதிரிகளைத் தரம் பிரிக்கும் நுகாதா ஒரு முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குச் சங்கடமாக இருந்தது. குளத்தை வடிக்கலாம் என்று தெருக்கூட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம், "மீனெல்லாம் பாவம்" என்று எழுந்து நின்று தடுத்தவள் அவள்தான். புருஷனைப் பிணமாகப் பார்க்கப் பயப்படுகிறாள் என்று ஊர் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தது. அவன் போனதிலிருந்து அந்தக் குளம் வடிக்கப்படவே இல்லை. இந்த வருஷம் கரை பிளந்து போனதால் வேறு வழியில்லாமல் போயிற்று.

"நுகாதாண்ணே, சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க. இதுல இருக்கிற சாமான் எதுவும் எழுபத்தொன்பதுக்கு அப்புறம் வந்ததா இல்லேன்னா, அன்னிக்கே பனியில வழி தவறி விழுந்துட்டாருன்னு எழுதி முடிச்சிருவேன். அக்காவும் கோயில்ல அவருக்குக் கல்லறைக் கல்லு வைக்கலாம்."

"முதல்ல ஆரஞ்சுத் தோலைக் கீழ போடாதே. அதுக்கெல்லாம் என்னால வருஷம் சொல்ல முடியாது."

கினுயோ சிரிக்கவில்லை. நுகாதாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிளின் நடுக்கம்பியில் கட்டுக்கம்பி பல சுற்றுச் சுற்றித் துருவேறிக் கிடந்தது. முறுக்கு அவிழவில்லை. ஆனால் ஓர் ஆளை நுழைக்கிற அளவுக்குப் பெரிய வளையம் மட்டும் காலியாகத் தொங்கியது. எவனோ குளத்தில் வீசிய குப்பை என்று நுகாதா அதை வெட்டித் தரையில் போட்டான்.

பெடலும் சங்கிலியும் துருவில் ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. பின்சக்கரத்தில் கியர் மாற்றும் பாகத்தின் திருகு மட்டும், ஸ்பேனர் வைக்கும் முன்பே விரலுக்குச் சுழன்று வந்தது. எண்ணெய் போட்டது மாதிரி. அவன் பாகத்தைத் திருப்பி, உள்பக்கத்தைத் துணியால் துடைத்தான்.

"ரெண்டு இங்கிலீஷ் எழுத்து குத்தியிருக்கு. முதல் எழுத்து வருஷம், அடுத்தது மாசம். முதல் எழுத்து டி. எழுபத்தொன்பதுதான்க்கா."

கினுயோ கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டாள். சாமந்திக் கட்டை மெல்ல சைக்கிள் சீட்டின் மேல் வைத்தாள். அந்த முகம் இளகி நுகாதா ஒருநாளும் பார்த்ததில்லை.

"அப்போ முடிஞ்சுபோச்சு," என்றாள்.

ஹாகா பேனாவை எடுத்தான்.

"இருடா, அவசரப்படாதே. இந்த எழுத்து வரிசை முடிஞ்சா மறுபடி முதல்லேருந்து வரும். இருபத்தாறு வருஷம் போனா திரும்பவும் அதே டி. எந்தச் சுத்துன்னு சாமான் நம்பரைப் பாத்தாத்தான் தெரியும்."

"வயசான ஆளு, வேலையை இழுக்கிறீங்க பாருங்க."

 நுகாதா பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து இன்னொரு பக்கத்துச் சேற்றைக் கரைத்தான். எண் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான்.

"அந்தக் காலத்துல பின்னாடி அஞ்சு பல்சக்கரம், மிஞ்சிப் போனா ஆறு. இந்த நம்பர் எட்டுச் சக்கரத்துக்கானது. இது ரெண்டாவது சுத்து." அவன் குரல் உயர்ந்தது. "ரெண்டாயிரத்து அஞ்சுல செஞ்சதுடா இது!"

ஹாகா ஆரஞ்சை வாயில் போடாமல் நிறுத்தினான். "அப்படின்னா?"

"அப்படின்னா அன்னிக்கு அவர் விழவே இல்லை! இருபத்தாறு வருஷம் கழிச்சும் இந்த சைக்கிள் ஓடியிருக்கு, பழசு தேஞ்சு இதை வாங்கி மாட்டியிருக்காங்க. கினுயோ அக்கா, உங்க வீட்டுக்காரர் எங்கேயோ உயிரோட இருந்திருக்கார். யார் கண்டா, இப்பவும் இருக்கலாம்! கறுப்புத் துணியை மாத்துங்க முதல்ல!"

அவள் சந்தோஷப்படுவாள், குறைந்தது அழவாவது செய்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தரையில் கிடந்த கட்டுக்கம்பியைக் குனிந்து எடுத்தாள். காலியான வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்தாள்.

"சைக்கிளோட சேத்து அவரைக் கட்டினது நான்தானே," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "கரையிலேருந்து நான்தானே தள்ளினேன்."

சைக்கிளிலிருந்து குளத்துத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து நுகாதாவைப் பார்த்தாள்.

"தண்ணிக்குள்ள வந்து இதை மாட்டினது யாருப்பா?"