கரண்டு ஒயர் இல்லாத கேமரா

"ஏம்மா பொற்கொடி, கேமராவை மாட்டிட்டு கரண்டு குடுக்க மறந்துட்டியே! உனக்கெல்லாம் யாரு ஐடிஐ சர்டிபிகேட் குடுத்தாங்க?"

ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனி அது. டிபன் ரூமில் நின்று சூப்பர்வைசர் பூபதி கத்திக்கொண்டிருந்தார். சுவரில் இருந்தது, 2008-ல் அந்தக் கம்பெனிக்கு வந்த முதல் கேமரா. அதன் பின்னாலிருந்து நீல நிற நெட் ஒயர் ஒன்று மட்டும் கூரைக்குள் போனது. பிளக்கும் இல்லை, சுவிட்சும் இல்லை.

எலக்ட்ரீஷியன் பொற்கொடி ஏணியை மடக்கிக்கொண்டே, "சார், இதுக்குத் தனியா..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கே பாடமா? இருபது வருச சர்வீஸ்மா! கரண்டு ஒயர் இல்லாம எந்த மெஷின் ஓடியிருக்குது?"

பொற்கொடி ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். பூபதியிடம் பேசி ஜெயித்தவர் அந்த ஷிப்டில் யாரும் கிடையாது.

"சரி சரி, விடு. அவசரமில்ல, திங்கக்கிழமை பொறுமையா குடு" என்று அவரே இறங்கி வந்தார்.

ஒரு மாதமாகவே டிபன் பாக்ஸ்களில் கறியும் முட்டையும் மட்டும் மாயமாகிக்கொண்டிருந்தன. சோறு அப்படியே இருக்கும். அந்த ரூமைப் பெருக்கும் பாகலூர் மாரம்மா மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். இன்னொரு தடவை காணாமல் போனால் அவளுக்கு வேலை இல்லை என்று மேனேஜர் வெங்கடசாமி சொல்லிவிட்டார். மூன்று பிள்ளைகளை அந்த வேலையை நம்பித்தான் அவள் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே போயிற்று. ராமப்பன் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த நாட்டுக்கோழி வறுவல். படுபாவி, ஒரு எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை!

மேனேஜர் ரூமுக்கு மாரம்மாவை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"முனேஸ்வரன் மேல ஆணையா சார், நான் தொடவே இல்ல!"

"நடிக்காத!" பூபதி எகிறினார். "எத்தனை நாள் சார் பொறுக்கறது? இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க."

வெங்கடசாமி பேனாவை எடுத்தார். மாரம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த பொற்கொடி மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு நிமிசம் சார்," என்றாள். "கேமராவுல பாத்துட்டு அப்புறமா எழுதுங்க."

பூபதி விழுந்து விழுந்து சிரித்தார். "அது செத்த கேமரா சார்! இந்தம்மா கரண்டே குடுக்கல."

"அதுக்குத் தனியா கரண்டு வேணாம் சார். அந்த நெட் ஒயர்லயே கரண்டும் போவுது, படமும் வருது. நேத்து மாட்டினதுல இருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்குது."

"அப்படியா?" மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

அவர் மவுஸைத் தொடவில்லை, அதற்குள் பூபதிக்கு வேர்த்துக் கொட்டியது.

"படத்தைப் போடாதீங்க சார்... தின்னது நான்தான்!"