தண்டனைப் பெட்டி

ஒவ்வொரு ஐஸ் ஹாக்கி அணியிலும் ஒரு மனிதராவது ஆட வேண்டும் என்று விதி இருந்தபடியால்தான் டொராண்டோ அணி சாருகாவை இன்னும் வைத்திருந்தது. மற்றவை எல்லாம் இயந்திரங்கள்.

எதிரணியின் ஒரே மனிதனான நிரோஜன் ஓர் இயந்திரத்தை மட்டையால் இடறி விழுத்திவிட்டுத் தண்டனைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தான். இனி இரண்டு நிமிடத்துக்கு அவர்கள் நால்வர், இவர்கள் ஐவர். சாருகா கோலுக்கு முன்னால் தனியாக நின்று, பந்துக்குப் பதிலாக அடித்தாடும் ரப்பர் வட்டைக் கேட்டு மட்டையால் ஐஸ் தரையைத் தட்டினாள். ஆட்டக்காரர்களின் பழைய வழக்கம் அது. இயந்திரங்கள் நான்கும் வட்டைத் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டன. அவளிடம் கொடுத்தால் கோல் விழாது என்பது அவற்றின் கணக்கு. மறுபடியும் தட்டினாள்.

பெட்டிக்குள்ளிருந்து நிரோஜன் பதிலுக்குத் தட்டினான்.

சாருகா பக்கத்தில் வந்த இயந்திரத்தின் காலை மட்டையால் கொளுவி இழுத்தாள். விசில் கேட்டது. அவளுக்கும் இரண்டு நிமிடம்.

இரண்டு அணிகளின் பெட்டிகளுக்கும் நடுவே, முன்பு நேரம் பார்த்தவரின் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

"ஏன் இஞ்ச வந்தனீர்? உங்கட பக்கம் ஒராள் கூடுதலா எல்லே இருந்தது?" என்று நிரோஜன் கேட்டான்.

"அங்க கதைக்க ஆளில்லை," என்றாள். "நீர் ஏன் விழுத்தினனீர்?"

அவன் சிரித்தான். பிறகு புட்டுக்கு எந்தக் கறி நல்லது என்று இருவரும் பிடிவாதமாக வாதாடினார்கள். அதற்கிடையில் யாரோ கோல் போட்டார்கள்.

அவனுடைய நேரம் முதலில் முடிந்து, கதவு திறந்தது. வட்டு அவன் காலடிக்கே வந்தது. நிரோஜன் அதைப் பார்க்கவில்லை. மட்டைக்கு எட்டும் தூரத்தில் எந்த இயந்திரத்தின் கால் இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனான்.