கசங்கிய நீர்யானை

மேஜை மேல் கிடப்பது தன் புத்தகம்தானா என்று அண்ணிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. இன்னொரு மூலை இருந்த இடமே தெரியவில்லை. முதுகில் நீளமாக ஒரு செல்லோடேப். நீர்யானையின் வயிற்றில் ஐந்து விரலும் பதிந்த பிசுபிசுப்புக் கறை.

"உட்காருங்க அண்ணி. பதிப்பாசிரியர் இப்ப வந்துடுவாராம்" என்றாள் நாத்தனார்.

"உட்காரவா வந்தேன்? எட்டு மாச உழைப்பு. என்ன கதியாக்கி வெச்சிருக்காங்க பாரு."

கதை நாத்தனாருடையது. கொட்டாவி விடத் தெரியாத ஒரு நீர்யானை, ஊரெல்லாம் அலைந்து அதைக் கற்றுக்கொண்டு வருகிற கதை. மொத்தமே பதினான்கு வரி. படம் அண்ணியுடையது. இருபத்துநான்கு பக்கம். பதிப்பகத்தாருக்குக் காட்டுவதற்காக, நிஜப் புத்தகம் போலவே தைத்து ஒட்டிய டம்மி இது. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

மூன்று பதிப்பகங்கள் கைவிரித்தாகிவிட்டது. இது நான்காவது. இங்கேயும் இல்லை என்றால் இனி யார் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

"வேணாம்னு சொல்ல நேர்ல வேற கூப்பிடணுமா? எவ்வளவு கொழுப்பு."

"இன்னும் வேணாம்னு சொல்லலையே அண்ணி."

"வேணும்கிறவங்க வெச்சுக்கிற லட்சணமா இது? முன்னாடி மூணு பேரும் வேணாம்னுதான் சொன்னாங்க. ஆனா ஒரு மடிப்பு விழாம திருப்பி அனுப்பினாங்க. அவங்க மனுஷங்க. என் பொண்ணு கை கழுவிட்டு வந்து கெஞ்சினப்பகூட நான் இதைத் தொட விடலை."

"ஆமா. பாவம், கதவுகிட்ட நின்னுதான் படம் பார்த்தா."

பதிப்பாசிரியர் உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. இரு கைகளிலும் ஒரு கட்டுப் புத்தகங்கள். பக்கத்து மேஜையில் இறக்கி வைத்தார்.

"வாங்கம்மா. அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து ஒரு புத்தகமா? சண்டை வரலையா?"

"இப்ப உங்களோடதான் சார் வரப் போகுது" என்றாள் அண்ணி. "இதை என்ன பண்ணினீங்க?"

"பல் டாக்டர்கிட்ட கொடுத்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாலு தெரு தள்ளி, குழந்தைகளுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நமக்கு வர்ற டம்மியை எல்லாம் அங்க ஒரு மாசம் போட்டு வைப்போம். உள்ளே கூப்பிடற வரைக்கும் பிள்ளைங்க புரட்டிப் பார்ப்பாங்க."

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"உங்களைத்தான். டம்மியோட சேர்த்துக் கொடுத்தீங்களே, அந்தப் படிவத்துல நாலாவது வரி. கீழே உங்க கையெழுத்து இருக்கே."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "படிச்சுட்டுப் போடுங்கன்னு அப்பவே சொன்னேன்."

"நீ பேசாதே. பதினாலு வரி எழுதிட்டுக் காலை நீட்டிப் படுத்தவளுக்கு என்ன தெரியும்?"

அண்ணி பக்கங்களைப் புரட்டினாள். பாதிக்கு மேல் போனதும் கை நின்றுவிட்டது.

"பதினாறுக்கு அப்புறம் பத்தொன்பது வருது. நடுவுல ஒரு தாளையே காணோம். நீர்யானை முதல் தடவையா வாயைப் பிளக்கிற படம் சார் அது. ஒன்பது தடவை அழிச்சு வரைஞ்சேன்."

"அது டாக்டரம்மா ரூம்ல இருக்கு. நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில."

"கூரையிலயா?"

"பிள்ளைங்க புரட்டிப் புரட்டி அந்தத் தாள் கழண்டு வந்துடுச்சாம். எடுத்து ஒட்டிட்டாங்க. மல்லாந்து படுக்கிற பிள்ளை அதைப் பார்த்ததும் தானா வாயைத் திறக்குதாம்."

"எதை வெச்சு ஒட்டினாங்க? பசையா? பசை பட்டா கலர் மங்கிடுமே சார்."

நாத்தனாருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டாள்.

அண்ணியின் கண் பக்கத்து மேஜைக்குப் போனது. "அதெல்லாம் என்ன?"

"அதுவும் டம்மிதாம்மா. மொத்தம் பதினொண்ணு. உங்களுது கூடவே ஒரே நாள்ல, ஒரே கூடையில கொண்டுபோய் வெச்சது."

மேலே இருந்ததை எடுத்தாள். புரட்டினாள். இன்னொன்றை எடுத்தாள். அட்டை மூலைகள் கத்தி மாதிரி நின்றன. புதுத் தாள் வாசனைகூடப் போகவில்லை.

"பாருங்க. எதுலயாவது ஒரு கீறல் உண்டா? அடுத்தவங்களோடதை மட்டும் பூப்போல பார்த்துக்கிட்டிருக்காங்க. என்னுது மட்டும் என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

பதிப்பாசிரியர் அவள் கையிலிருந்ததை மெதுவாக வாங்கி, ஒரு தபால் உறைக்குள் நுழைத்தார். அடுத்ததற்கு இன்னோர் உறையை எடுத்தார்.

"உங்களுது அச்சுக்குப் போகுதும்மா. இதுங்க பதினொண்ணும் இன்னைக்குத் தபால்ல திரும்பிப் போகுது. ஒரு மாசத்துல ஒரு பிள்ளைகூட இதுங்களை ரெண்டாவது தடவை கையில எடுக்கலை."