கேட் மூடுறதுக்குள்ள

"வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

மணிகண்டபிரபுவின் தோளை உலுக்கினாள் கவியா.

"மறுபடியுமா?"

"அவசரம்ங்க."

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் பைக்கை ஓரங்கட்டினான். பின்னாலேயே இன்னொரு பைக்கில் வந்த ஸ்ரீதர் தலையில் அடித்துக்கொண்டான். ஸ்ரீதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிச்சையா இறங்கவே இல்லை.

"இன்னா மச்சி, பந்திப்பூர் போறோமா, இல்ல வழில கீற பாத்ரூம் எல்லாம் சுத்திப் பாத்துகினு போறோமா?" என்றான் ஸ்ரீதர்.

நண்பர்கள் மூன்று பேருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். பந்திப்பூர், முதுமலை காடுகளை பைக்கிலேயே சுற்றிவர வேண்டும் என்று ஒரு வருஷமாகத் திட்டம் போட்டு, கடைசியில் கிடைத்தது ஒரு சனி ஞாயிறு. இரவு ஒன்பது மணிக்கு பந்திப்பூர் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் காட்டைக் கடந்து மசினகுடி போனால்தான் விடிகாலை ஜீப் சஃபாரி. இல்லாவிட்டால் சஃபாரி அம்போ.

"நீங்களும் கூட வாங்க. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு" என்றாள் கவியா.

"பெட்ரோல் பங்க்ல என்ன புலியா வரப்போகுது?"

"வாங்களேன். அப்படியே மூஞ்சியும் கழுவிக்கலாம்."

முணுமுணுத்துக்கொண்டே போனான். கல்யாணமாகி மூன்று மாதம்தான், போய்த்தானே ஆகவேண்டும்.

"நான் அப்பவே சொன்னேம்லா, பொண்டாட்டி எல்லாம் வேண்டாம்னு" என்றான் பிச்சையா. "ராத்திரி பூரா ஓ.டி. பாத்துட்டு வந்து சிங்கம் மாதிரி ஓட்டுதான் அவன். இந்தப் பிள்ளைக்குப் பின்னால சும்மா உக்காந்து வர முடியல."

ஓசூரில் அவளுக்குப் பசித்தது. பெங்களூர் நெரிசலில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நெரிசல் விட்டு ரோடு காலியானதும் ஆரம்பித்துவிட்டாள். ராமநகரத்தில் தலைசுற்றல். மாண்டியாவில் திரும்பவும் பாத்ரூம். ஒவ்வொரு தடவையும் புருஷனையும் விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். வெளியே நின்ற இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதுமாக இருந்தார்கள்.

மைசூர் தாண்டியதும் தோளில் மறுபடி அவள் கை.

"ஒரே ஒரு டீ மட்டும்..."

"வாயை மூடுடி! உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்!"

நண்பர்கள் காதில் விழட்டும் என்றேதான் கத்தினான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவன் வண்டியை ஓரங்கட்டும்வரை உலுக்குவதை நிறுத்தவில்லை. இறங்கிப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவன் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தாள். இவ்வளவு பிடிவாதம் ஒரு பெண்ணுக்கு ஆகாது என்று பார்க்கிற யாருக்கும் தோன்றும்.

பந்திப்பூர் போனபோது கேட் மூடியாகிவிட்டது. கெஞ்சிப் பார்த்தார்கள். காவலர் கையை விரித்துவிட்டார். குண்டல்பேட்டைக்கே திரும்பி லாட்ஜில் ரூம் எடுத்தார்கள். கவியாவுடன் ஒருவரும் பேசவில்லை. மணிகண்டபிரபு படுத்தவன்தான், அடித்துப் போட்டதுபோல் தூங்கினான்.

மறுநாள் கேட் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தார்கள். ரோட்டோரம் மான் கூட்டம், மூங்கில் ஒடித்துக்கொண்டு ஒரு யானை. மசினகுடியில் சஃபாரி ஜீப் எப்போதோ போயிருந்தது. இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஊரைப் பார்க்கத் திரும்ப வேண்டியதுதான். இத்தனை தூரம் வந்தும் காட்டுக்குள் கவியா ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

"இன்னா சிஸ்டர், இன்னிக்கு அவசரமே வரலியா?" என்று ஸ்ரீதர் குத்தினான்.

அவள் சிரித்துக்கொண்டாள். மணிகண்டபிரபுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலை. ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்காகச் செல்லக்கனி நின்றிருந்தாள். செல்போன் கம்பெனியில் கவியாவுக்குப் பக்கத்து சீட். கவியா அன்று லீவு. அவளைப் பார்த்ததும் மணிகண்டபிரபு பைக்கை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினான்.

"உன் ஃப்ரெண்டு கம்பெனியிலயும் இப்படித்தானா? டாக்டர்கிட்ட காட்டணுமா என்ன?"

"அவளா? உக்காந்தா ஷிஃப்ட் முடியுறவரைக்கும் எந்திரிக்க மாட்டாளேண்ணே." செல்லக்கனி யோசித்தாள். "உங்களையும் கூட்டிட்டுப் போயி மூஞ்சி கழுவச் சொன்னாளா?"

"ஆமா, ஒவ்வொரு தடவையும்."

"அண்ணே, வண்டி ஓட்டும்போது தூங்குனீங்களா?"

"சேச்சே! லேசாக் கண்ணு சொருகிச்சு, அவ்வளவுதான். அப்படித் தெரிஞ்சிருந்தா 'தூங்காதீங்க'ன்னு வாயைத் தொறந்து சொல்லவேண்டியதுதானே?"

"நாலு பேருக்கு முன்னால சொல்ல மாட்டோம்ணே. நைட் ஷிஃப்ட்ல பக்கத்துல இருக்கவ தூங்கி விழுந்தா, சூப்பர்வைசர் காதுல விழுற மாதிரி சொல்ல முடியுமா? அவ வேலையே போயிரும். அதனால நாங்க எந்திரிச்சு, 'சார், எனக்கு அவசரம், துணைக்கு இவளையும் அனுப்புங்க'ன்னு கேட்டுக் கூட்டிட்டுப் போயி, மூஞ்சி கழுவ வச்சுக் கூட்டியாருவோம்."

கம்பெனி பஸ் வந்து நின்றது.

"அதுக்கு சூப்பர்வைசர் திட்ட மாட்டாரா?"

"திட்டுவாருண்ணே" என்றபடி செல்லக்கனி படியில் ஏறினாள். "கேட்டவளைத்தான்."